செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பழங்கட்டட ஆர்வலர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு சொற்பொழிவுகள் நடைபெற்றன.

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றங்கரையில் உள்ள ஆல்ஃப்ரிஸ்டன் குருமனைக்கு (கிறித்தவக் குருமார் தங்குவதற்கான பழைய வீட்டுக்கு) நாம் சென்றுவந்ததே இவ்வாண்டின் முதன்மைப் பணி. ஒரு கூரைவீட்டைப் பார்க்க இவ்வளவு செலவா என்று வினவிய உறுப்பினர்களுள் ஒருவர்கூடப் பேருந்தில் ஏறவில்லை. ஆகவே அங்குக் கண்டதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

சுமார் 600 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வீடு ஓக் மரச்சட்டத்தால் ஆனது. சட்டங்களின் இடைவெளிகளில் வரிச்சு கட்டி மண் அப்பும் முறையில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அது தென்கிழக்கு இங்கிலாந்தில் காணப்படும் வீல்டன் வகையைச் சேர்ந்தது. அவ்வகை வீடுகளில் இரு முனைகளிலும் மாடி முன்னே துருத்தி நிற்க, நடுக்கூடம் உள்வாங்கியிருக்கும். அனைத்தையும் ஒரே கூரை மூடுவதால், கூடத்துக்கு முன்னால் தொங்கும் இறவாரத்தை வளைந்த கைத்தாங்கு மரங்கள் சுமக்கின்றன. கூடத்துக்குள் மச்சு கிடையாது. அண்ணாந்தால் கைமரங்கள் வரை பார்வை செல்லும். தரையில் அடுப்பெரிந்த காலத்தில் புகை அவ்வழியேதான் மேலேறி வெளியேறியது. சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பிப் புளித்த பால் ஊற்றி இறுக்கிய தரையில் நெடுநேரம் நின்றேன். நம்மூர்ச் சாணத்தரையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.

இடிந்துவிழும் நிலைக்கு வந்த அவ்வீட்டைக் காக்க, அவ்வூர்க் குருவான பெய்னன் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் துணையை நாடினார். 1895இல் தொடங்கப்பெற்ற, பழம்பெரும் இடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட், மறு ஆண்டே அதனை 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுவே. விலை சிறிதாயினும் பழுதுபார்க்கும் செலவு பெரிதாக இருந்ததால், அவ்வமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான ஆக்டேவியா ஹில் அம்மையார் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்.

வரவு செலவைப் பொறுத்தவரை, பயணச் செலவு போகச் சிறிது கையிருப்பு உள்ளது. விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் சந்தா செலுத்தவில்லை. மூன்று முறை நினைவூட்டியும் பதில் வரவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.

தலைவர், பொருளாளர், தேநீர் வழங்கியவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறொரு மரச்சட்டக் குருமனைக்குச் செல்ல விரும்புகிறேன். பேருந்துக்கான முன்பணத்தைச் சங்கத்தால் இப்போதைக்குக் கட்ட இயலாது. நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் மறுநாளே கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்