யூஸ்ட் டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. பின்கட்டு ஓடுகளை மாற்றிவிட்டோம். மற்றச் செய்திகள் பிறகு. இப்போது எழுத உட்கார்ந்தது ஓர் இலக்கணச் சந்தேகத்துக்காக.

எதிர்வீட்டுப் பையன் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருவது உனக்குத் தெரியும். அவனுக்கு 'யூஸ்ட் டு' என்ற வடிவத்தை விளக்க எடுத்துக்காட்டு தேடியபோது, சென்ற மாதம் நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. 'ஹி யூஸ்ட் டு மேக் த காஃபி ஆன் சண்டேஸ்' என்று எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்துவிட்டு, மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் காபி போடுவாராம் என்று பெரியம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை.

அவள் சொன்னதைத் தவறு என்றும் சொல்ல முடியாது. 'காபி போடுவார்' என்றால் நாளைக்குப் போடுவதும் அதுதான், முன்பெல்லாம் போட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். தாத்தா கதை சொல்வார் என்று நாம் இன்றும் சொல்கிறோம், தாத்தா போய் எத்தனை வருடமாயிற்று! தமிழின் எதிர்காலம் அப்படிக் கதவைத் திறந்தே வைத்திருக்கும். ஆங்கிலத்தின் 'வுட்' ஓரளவு இதற்குப் பக்கத்தில் வரும் என்றாலும், திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் அது பொருந்தும், நிலைத்திருந்த ஒன்றுக்குப் பொருந்தாது; முன்பு அந்த வீட்டில் குடியிருந்தோம் என்பதை 'வீ யூஸ்ட் டு லிவ் தேர்' என்றுதான் எழுத வேண்டும், 'வீ வுட் லிவ் தேர்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். 'யூஸ்ட் டு' வந்துவிட்டாலோ, முன்பு இருந்தது, இப்போது இல்லை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். பையனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன் கெட்டிக்காரன், எப்போதும் அப்படித்தானா சார் என்று கேட்டான். எப்போதும் அப்படி அல்ல. அது கேட்பவரின் ஊகமே தவிர, சொல்லின் பொருளிலேயே பூட்டப்பட்டது அல்ல. அதே வாக்கியத்தின் பின்னால் 'அண்ட் ஹி ஸ்டில் டஸ்' என்று சேர்த்தால் ஒரு முரணும் வராது. அந்த நான்கு சொற்களை நீ அவசரத்தில் விட்டுவிட்டாயா என்பதுதான் என் சந்தேகம்.

பிரதிப்பெயர்களைப் பற்றியும் பையன் கேட்டான். 'வீ' என்ற சொல்லுக்கு நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. கேட்பவரையும் உளப்படுத்துகிறதா, விலக்குகிறதா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நீ இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போன முதல் இரண்டு வருடங்களில் உன் செய்திகள் முழுவதும் 'வீ'யாகவே இருக்கும். இது அவர்கள் இரண்டு பேர், இது நம்மையும் சேர்த்து என்று நானும் அம்மாவும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். தீபாவளிக்குப் பிறகு வந்தவற்றை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். 'ஐ பெய்ட் த ரென்ட்.' 'ஐ மூவ்ட் சம் திங்ஸ்.' தமிழில் எழுதியிருந்தால் வாடகை கட்டியாயிற்று என்று ஆளையே காட்டாமல் முடித்திருக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. எழுவாய் இல்லாமல் வினை நிற்காது, மழை பெய்வதற்குக்கூட ஓர் 'இட்' வேண்டும். நீ எதையும் மறைக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் பக்கத்து வீட்டு மூதாட்டி நலமா? அவர் உன்னை 'யூ' என்று சொல்லாமல் 'தா' என்கிறார், என்னை நீ என்று கூப்பிடுகிறார் அப்பா என்று போன முதல் குளிர்காலத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக எழுதினாய்! நான் அதற்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன்: 'தௌ' என்பது நம் நீ, பன்மையான 'யூ' நம் நீங்களைப் போல மரியாதைக்கு வந்து, பிறகு எல்லாருக்கும் அதுவே ஆகி, 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'தௌ' பொதுவழக்கில் அருகிவிட்டது, யார்க்‌ஷயர்ப் பேச்சு போன்ற சில வட்டார வழக்குகளில் மட்டும் தங்கியிருக்கிறது, அதன் 'தீ', 'தா' வடிவங்களை 'டீ', 'டா' என்று ஒலிப்பதால்தான் சுற்றுவட்டாரத்தார் ஷெஃபீல்டுக்காரர்களை 'டீடார்' என்று கேலி செய்கிறார்கள். அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவர் வீட்டுக்கு அவ்வப்போது போய்விட்டு வா. நீ என்று கூப்பிட ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது நல்லது.

அந்நாட்டவருக்கே நீ அறிக்கை எழுதித் தருகிறாய் என்பதை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை. அவ்வளவு எழுதுகிறவளுக்கு மூன்று வாரமாக வீட்டுக்கு ஒரு வரி எழுத நேரம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே நிறுத்தி, மேசை இழுப்பறையில் பழைய வினாத்தாள்களைத் தேடப் போனேன். 2008இல் நீ விடுதியிலிருந்து எழுதிய கடிதத்தின் உறை கிடைத்தது. உறை மட்டும்தான், கடிதம் உன்னிடம் இருக்கிறது, அல்லது நீ கிழித்திருப்பாய். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்டளை. 'ஐ ஆம் க்ரையிங் சின்ஸ் மண்டே' என்று எழுதியிருந்தாய். நம் பிள்ளைகள் எல்லாரும் செய்யும் பிழை அது. திங்கட்கிழமையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன் என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதை அப்படியே கொண்டுபோய் வைப்பதால் வருவது. நான் சிவப்பு மையில் 'ஆம்' என்பதை அடித்து, 'ஹேவ் பீன்' என்று மேலே எழுதி, ஓரத்தில் விதியையும் குறித்து, அதே தபாலில் உனக்குத் திருப்பி அனுப்பினேன். வேறொன்றும் எழுதவில்லை. 31 வருடம் வகுப்பில் நின்றவனுக்கு அந்த வரியில் வினைதான் கண்ணில் பட்டது. அடுத்து வந்த உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. விடுதிச் சாப்பாடு, தேர்வு அட்டவணை, நூலக நேரம் என்று சுத்தமாக இருந்தது. நான் அதை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் படித்துக்காட்டினேன். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதிய எதிலும் பிழை வந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது, பாப்பா?

இதற்குப் பதில் தமிழில் எழுது. எழுத்து மறந்திருந்தால் ஆங்கிலத்தில் எழுது, எந்தக் காலத்தில் வேண்டுமானாலும் எழுது, ஒரு வரி போதும். போயாயிற்று, முடிந்தாயிற்று என்று ஆள் இல்லாமல் எழுதினாலும் சரி, எழுவாய் எங்கே என்று கேட்க மாட்டேன். அம்மாவிடம் இதையெல்லாம் நான் பேசவில்லை. அவள் இன்னும் அந்தக் காபியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று.

இப்படிக்கு,
அப்பா