எங்கள் பிள்ளைகளின் வாயில் எது நுழையாது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் 'தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீளமான ஆங்கிலச் சொற்கள் வாயில் நுழைவதில்லை' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் தேன்கனிக்கோட்டையில் டியூஷன் எடுக்கிறவள். இங்கே வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மூன்றையும் பேசி வளர்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். இவர்கள் வாயில் எது நுழையாது?

சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அதுதான் விஷயம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலச் சொல்லை சிலபிள், அதாவது அசை, பிரிக்கச் சொல்லிக் கேள்வி வந்த காலத்திலும் கைடைப் பார்த்துக் கோடு போட்டு மார்க் வாங்கினார்களே தவிர, வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லவைக்கவில்லை. தமிழ்ச் செய்யுளில் அசை பிரிக்கும்போது 'அகர' என்றால் அக/ர, நிரை நேர், புளிமா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பிள்ளைக்கு எ-ஜு-கே-ஷன் என்று பிரிப்பதா கஷ்டம்? கஷ்டமெல்லாம் அழுத்தத்தில்தான், அதாவது எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பதில்தான். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையை அழுத்த வேண்டும், அதுவே ஃபடாக்ரஃபி ஆகும்போது அழுத்தம் 'டா'வுக்குப் போய்விடும், ஃபோட்டோகிராஃபிக் என்றால் 'கிரா'வுக்கு. தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 'ஷன்' என்று முடிகிற சொல்லில் அதற்கு முந்தின அசையை அழுத்து என்று ஒரே ஒரு விதியைச் சொன்னாலே எத்தனையோ சொற்கள் சரியாகிவிடும், அதைக்கூட இங்கே யாரும் சொல்வதில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பெங்களூருக்கு இன்டர்வியூ போனாள். நன்றாகப் படித்தவள். 'டெவலப்மெண்ட்' என்பதை 'டெ'யில் அழுத்திச் சொன்னாள் என்று எதிரே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். டி-வெ-லப்-மெண்ட், 'வெ'யை அழுத்தணும் என்று பன்னிரண்டு வருஷப் படிப்பில் ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அப்புறம், உங்கள் பக்கமே எழுத்தைப் பார்த்துத்தானே சொல்லைப் பிரிக்கிறது? புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லை மூன்று துண்டாகப் போட்டிருந்தீர்கள். சொல்லிப் பாருங்கள், வென்ஸ்-டே, இரண்டே அசை. அப்போதே எழுதினேன், பதில் இல்லை.

இனியாவது சொற்களை ஒலியை வைத்துப் பிரித்து, அகராதியில் இருப்பதுபோல அழுத்தம் விழுகிற அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு போடுங்கள். பக்கத்தை வெட்டி டியூஷனில் ஒட்டிவைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.