மலையிலேயே சோதித்துப் பார்

பண்டாரவளை
ஞாயிறு மாலை

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு முழங்கால் தேறியதில் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை.

ஆஸ்துமா இழுப்பு இருப்பவன் திருகோணமலையில் சுழியோடப் பழகலாமா என்று கேட்டிருந்தாய். சிலர் பழகலாம். ஆனால், இறங்குமுன் மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நீல பம்பை இரண்டு தரம் அடித்தால் போதும் என்று யாரோ சொன்னதை மட்டும் நம்பாதே. அடியில் மூச்சு முட்டுவதைவிட மேலே வரும்போதுதான் ஆபத்து அதிகம். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் எலுமிச்சங்காயளவு காற்று அடைபட்டால், நீ மேலே வருவதற்குள் அது இரண்டு காயளவாகிவிடும். வெளியேற வழியில்லையென்றால் நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழி இரத்தத்தோடு மூளைக்கே போகலாம்.

சிலிண்டர் காற்று வறண்டது, குளிர்ந்தது. நுவரெலியாப் பனியில் விடியக்காலை நடந்தாலோ, லயத்துப் படியில் ஓடி ஏறினாலோ உனக்கு நெஞ்சு விசிலடிக்கிறதா? அப்படியென்றால் இந்த ஆசையை விட்டுவிடு. குளிர், உடலுழைப்பு, பதற்றம் இவற்றால் வரும் இழுப்புக்கு பிரித்தானிய சுழியோட்ட மருத்துவர்களின் வழிகாட்டலிலும் இடமில்லை.

அந்தத் தொல்லை இல்லையென்றால், எவ்வளவு வேகமாக மூச்சை ஊதித் தள்ளுகிறாய் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கு. முள்ளைக் கீழே இறக்கி, நின்றபடி நிறைய மூச்செடுத்து, உதட்டை இறுக்கி ஒரே வீச்சில் ஊது. மூன்று தரம் ஊதி, கூடியதை எழுது. காலையும் மாலையும் செய். உன் சிறந்த அளவு 450 என்றால், அதில் பத்து வீதம் குறைந்து 405க்குக் கீழே இறங்கிய நாளில் கடல் வேண்டாம், மறுபடி ஏறி 48 மணித்தியாலம் நிலைக்கட்டும். நீல பம்ப் தேவைப்பட்டாலும் அதே 48 மணித்தியாலம்தான். தினசரித் தடுப்பு பம்பை நிறுத்தாதே. நெஞ்சு கிளினிக்கில் உன்னை ஓடவிட்டு, முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கச் சொல்.

சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் வாய்க்கருவியையும் பார். சிலிண்டரைத் திறக்குமுன் அதை வாயில் வைத்து உறிஞ்சு, காற்று வரக்கூடாது. வந்தால் எங்கோ கசிவு. அதன்வழி உப்புநீர்த் தூவல் உள்ளே போய் இழுப்பைக் கிளப்பும். படகில் ஒட்சிசன் இருக்கிறதா என்று கேட்காமல் ஏறாதே.

அன்றைக்கே வேன் பிடித்து வீடு திரும்பவும் கூடாது. உன் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே அழுத்தம் குறைவு; சுழியோடியபின் விமானம் ஏறுவதற்குச் சொல்லும் காத்திருப்பு உனக்கும் பொருந்தும்: ஒருமுறை இறங்கினால் 12 மணித்தியாலம், பலமுறை என்றால் 18.

இரண்டு வார அளவுகளை எழுதி அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி