விரல் போன கதை

சேரன்மகாதேவி

அன்புள்ள மகள் செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவியாச்சு.

உங்கள் ஃபேக்டரி வாசலில் ‘500 நாள் விபத்தில்லை’ என்று போர்டு வைத்ததை நேற்று போனில் சந்தோஷமாகச் சொன்னாய். நானும் நல்லது தாயி என்றேன். அப்புறம் ராத்திரி தூக்கமே வரவில்லை.

என் இடது கை ஆள்காட்டி விரல் நுனி, தேங்காய் வெட்டும்போது அரிவாள் பட்டுப் போனது என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினில் போனது. பஞ்சு அடைத்துக்கொண்டது, சுவிட்சை அணைத்தேன். கரண்டை நிறுத்தினாலும் உள்ளே சுற்றுகிற உருளை, அந்த சிலிண்டர், இருக்கிற கனத்துக்கு உடனே நிற்காது, சில நிமிஷம் தானாகச் சுற்றும். இது எனக்குத் தெரியாததா? உற்பத்தி குறைந்தால் மேஸ்திரி ஏசுவாரே என்று மூடியைத் திறந்து கையை விட்டேன்.

எங்கள் டிபார்ட்மெண்டிலும் அப்படி ஒரு போர்டு உண்டு. இன்னும் ஒன்பது நாள் தாண்டினால் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. “ஏலே, ஒன் ஒரு விரலுக்காக அறுபது பேரு சட்டி போணுமா?” என்று கேட்டார் மேஸ்திரி. நான் தலையாட்டினேன். வீட்டில் அரிவாள் பட்டது என்று எழுதிக்கொண்டார்கள். விபத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாவிட்டால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்குத் தகவல் போக வேண்டும் என்றது அப்போதிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம். நான் பன்னிரண்டு நாள் வரவில்லை. இ.எஸ்.ஐ. காப்பீட்டிலும் நஷ்டம் எனக்குத்தான். இப்போதைய கணக்கில் வேலையில் பட்ட காயத்துக்கு 90 சதவீதக் கூலி, மற்ற சீக்குக்கு 70.

அந்தத் தூக்குச்சட்டியில்தான் நீ அஞ்சாம் வகுப்பு வரை சோறு கொண்டுபோனாய்.

பணத்தை விடு. உள்ளதை எழுதியிருந்தால் யாராவது வந்து பார்த்திருப்பார்கள், சிலிண்டர் நிற்கும்வரை மூடி திறக்காதபடி ஏதாவது செய்திருப்பார்கள். இரண்டு மாதத்தில் அதே மிஷினில் புதுசாக வந்த பையனுக்கு நாலு விரல் போனது. அதை அரிவாள் என்று எழுத யாராலும் முடியவில்லை.

போர்டைக் கழற்றுவது உன் கையில் இருக்காது. பரிசு ஏதும் வைத்திருந்தால் அதை நிறுத்தவாவது சொல்லிப் பார். டேங்க் கழுவ இறங்குகிறவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள்தானே, இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருத்தன் பிடித்திருக்கிறானா என்று நீயே போய்ப் பார். டீ குடிக்கிற இடத்தில் நின்று, நேற்று எதில் தப்பித்தீர்கள் என்று கேள். சொல்கிறவனை ஏசிவிடாதே, அடுத்தவன் வாயே திறக்க மாட்டான். போபால் விஷவாயு விபத்துக்கு அப்புறம் 1987-ல் சட்டத்தைத் திருத்தி, சேஃப்டி கமிட்டியில் தொழிலாளி பாதி, நிர்வாகம் பாதி என்று வைத்ததாகப் படிக்கும்போது எனக்குச் சொன்னாய். உங்கள் கமிட்டியில் அந்தப் பாதிப் பேர் பேசுகிறார்களா?

விரல் விஷயம் உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, “இப்பமாவது சொல்லுதீங்களே” என்றாள்.

இப்படிக்கு,
அப்பா