மாத்திரைச் சீட்டு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த என் வீட்டுக்காரரைப் போன வாரம்தான் கோபிக்குக் கூட்டி வந்தோம். 46 வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட் தொட்டதில்லை, மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவருக்கு வாய் கோணி வலது கை விழுந்துவிட்டது. ஸ்கேன், எக்கோ, 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டி வைத்து இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. இதயத்துடிப்பு தாறுமாறாவதாலும் பக்கவாதம் வருமாம்; அது எப்போதாவது மட்டும் நடந்தால் ஒரு நாள் சோதனையில் சிக்காமல் போகலாமாம். அந்தப் பயத்தில் ராத்திரி அவர் புரண்டு படுத்தாலே "ஏனுங்க, கையைத் தூக்குங்க" என்று எழுப்பிப் பார்க்கிறேன்.

சரி, நான் எழுத வந்தது வேறு. டிஸ்சார்ஜ் அன்று கொடுத்தது ஒரு மாத்திரைச் சீட்டு மட்டும். கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, புரையேறாமல் தண்ணீர் எப்படிக் கொடுப்பது என்று யாரும் காட்டித் தரவில்லை. பேச்சு திரும்பப் பயிற்சி உண்டு என்பதே எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதையும் கிராம செவிலியர்தான் சொன்னார். வீட்டு ஆளை அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு தகவல் அனுப்பிவிட்டு டிஸ்சார்ஜ் செய்தால் என்ன?

அப்புறம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். எண்ணெய் தேய்த்தே நாங்கள் ஒரு மணி நேரத்தைப் போக்கினோம். வாய் கோணினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்