நம்ம நகர் குடியிருப்போர் நலச்சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வழக்கம் போல வந்தவங்கள விட வராதவங்க தான் கூட, அதனால குரூப்லயும் போட்டு விடுதேன், அங்கயாவது படிங்க.

சுதந்திர தினத்துக்குக் கொடி ஏத்துனோம், மிட்டாய் குடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்துச்சு. தெருவிளக்குக்கு மூணு மனு குடுத்ததுல ஒரு விளக்கு எரியுது.

இப்போ கூந்தன்குளத்துக்குப் பறவை பாக்கப் போன விஷயம். "பறவை பாக்கதுக்கா சங்கப் பணம்"னு முதுகுக்குப் பின்னால பேச்சு ஓடுதுன்னு தெரியும், அதனால விளக்கமாவே சொல்லிருதேன். பாளையங்கோட்டையில இருந்து மூலைக்கரைப்பட்டி வழியா போனா பக்கம் தான், 1994ல சரணாலயம் ஆச்சு, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேத்துட்டாங்க, எங்கெங்கயோ இருந்து கேமராவத் தூக்கிட்டு வாராங்க, நம்ம தெருவுல பாதிப் பேரு இன்னும் எட்டிப் பாத்ததில்ல. அதான் பிப்ரவரில ஒரு ஞாயித்துக்கிழமை ஏற்பாடு பண்ணுனேன். பேரு குடுத்தது 34. காலைல அஞ்சரைக்கு வேன் நிக்கி, வந்தது 11, அதுல நாலு சின்னப்பிள்ளைங்க. ஒரு வீட்டுல போன் உள்ள அடிக்கது வாசல்ல நிக்க எனக்கே கேக்கு, கதவு மட்டும் திறக்கல.

வந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பறவை குளத்துல இருக்கும்னு போனா, ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் கூடு கட்டிக் கிடக்கு, கீழ முத்தம் தெளிச்ச ஆச்சி மேல எச்சம் விழுந்தும் ஒரு வார்த்தை வையல. தீவாளிக்கு வெடி போட மாட்டோம்னாங்க ஊர்க்காரங்க. கூட்டுல இருந்து விழுற குஞ்ச எடுத்து மீன் குடுத்து வளக்காங்க, எச்சம் ஊறுன குளத்து வண்டலு வயலுக்கு உரம். தண்ணில வரித்தலை வாத்து நின்னுச்சு, வெள்ளைத் தலைல ரெண்டு கருப்புக் கோடு, இமயமலையத் தாண்டி வாற ஜாதி. நம்ம பொருளாளர் எண்ணி 60ன்னாரு, அவரு கணக்க நான் என்னைக்குச் சரிபாத்தேன்.

வரவு செலவு கிட்டத்தட்ட சமம் தான், கொஞ்சம் துண்டு விழுது, விவரம் பொருளாளர் நோட்டுல இருக்கு. துண்டு விழுந்தது வேனால இல்ல, சந்தாவால. மாசம் 100 ரூபா, 62 வீட்டுல 27 வீடு வருஷம் முழுக்கக் குடுக்கல, அதுல மூணு வீடு இந்த வருஷம் தான் மாடி எடுத்துருக்கு, பேரு சொல்லல. சங்கத்துப் பைனாகுலர் என் வீட்டுல இருக்குன்னு ஒரு குறை, சங்கத்துக்கு ஒரு பீரோ வாங்கித் தாங்க, நாளைக்கே கொண்டு வந்து வச்சிருதேன். யாரு வேணும்னாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போலாம்னு சொல்லியாச்சு, இதுவரைக்கும் ஒருத்தர் கேக்கல.

தலைவர் அண்ணாச்சிக்கும், பொருளாளருக்கும், கோலப்போட்டிக்குப் பரிசு குடுத்தவங்களுக்கும், காலி சீட்ட ஏத்திட்டுப் போன வேன் டிரைவர் தம்பிக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா வர யாருக்காச்சும் விருப்பம் இருந்தா நோட்டு, சாவி, பைனாகுலர் எல்லாத்தையும் அன்னைக்கே குடுத்துருவேன், மூணு வருஷமா இதத்தான் சொல்லுதேன். யாரும் வரலன்னா மணிமுத்தாறு தண்ணி வந்து குளம் பெருகுனதும் திரும்பவும் கூந்தன்குளம் தான். இந்தத் தடவ தலைக்கு 150 ரூபா முன்பணம், சந்தா பாக்கி இருந்தா அதயும் சேத்துக் குடுத்தா தான் பேரு எழுதுவேன்.

இப்படிக்கு,
செயலாளர்