பூத் அலுவலர் கையில் இயந்திரத்தைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்தல் நாளன்று காலை எட்டு மணிக்கெல்லாம் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கும் செய்தி ஒன்று உண்டு: 'இயந்திரக் கோளாறால் வாக்குப்பதிவு தாமதம்.' அவற்றில் சில உண்மையிலேயே கோளாறுகள்தான். ஆனால் பல, கருவியில் பிறந்தவை அல்ல. அதிகாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவே, முந்தின இரவு பள்ளிக்கூட பெஞ்சில் புரண்டு படுத்து எழுந்தவர்கள் அவசர அவசரமாகச் செய்த வேலையில் பிறந்தவை. வாக்குச்சாவடிப் பணியை நன்கு அறிந்தவர்கள் என்ற முறையில் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு வாக்குச்சாவடித் தலைமை அலுவலரும், கருவியைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவில் தொடங்கி, பதிவான ஓட்டுகளின் கணக்கான 17சி படிவம் நிரப்புவது வரை ஒரு முழுச் சுற்றைத் தம் கையாலேயே செய்து முடிக்க வேண்டும். திரையில் பார்த்தது கணக்கில் வராது.

ஏன் என்பதற்கு காலை வேலையைப் பாருங்கள். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 90 நிமிடம் முன்பு, ஐந்தரைக்கு, மாதிரி வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் முகவர்கள் வரவில்லை என்றால் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். மீதி 75 நிமிடம். குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டா உட்பட ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றாவது விழ வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் கரூரில் 54 வேட்பாளர்கள். நோட்டாவோடு 55. வாக்காளர் பொத்தான் அழுத்தும் பேலட் யூனிட் ஒன்றில் 16 பெயர் என்பதால் நான்கு யூனிட்டுகள். அங்கே 50 போதாது, 55 போட்டே ஆக வேண்டும். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி நிற்கும். அது விழுந்து, 'பீப்' முடிந்து, அலுவலர் தம் மேசையிலுள்ள கண்ட்ரோல் யூனிட்டில் பேலட் பொத்தானை அழுத்தி அடுத்த ஓட்டுக்கு வழிவிட, ஓட்டுக்கு 15 விநாடி வைத்தாலும் கால் மணி நேரம் போய்விடும். அதற்கு மேல் பெயர் பெயராக முடிவைக் குறித்துக்கொண்டு, சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

இங்கேதான் கண்ட்ரோல் யூனிட்டின் மூன்று பொத்தான்கள் வருகின்றன: குளோஸ் (பதிவை முடிப்பது), ரிசல்ட் (முடிவைக் காட்டுவது), கிளியர் (ஓட்டுகளை அழிப்பது). இந்த வரிசை மாறக்கூடாது, ஒன்றும் விடுபடக்கூடாது. விடுபட்டால் இரண்டு விதமாகக் கெடும். குளோஸும் ரிசல்ட்டும் அழுத்திவிட்டு கிளியரை மறந்தால், ஏழு மணிக்கு முதல் வாக்காளர் உள்ளே போனதும் பேலட் பொத்தான் வேலை செய்யாது. குளோஸ் ஆன கருவி அழிக்கப்படாதவரை புது ஓட்டு ஏற்காது. கிளியர் பொத்தானோ அதற்குள் முத்திரைகளுக்கு அடியில் போயிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து, புது முத்திரை போட்டு, முகவர்களிடம் மறுபடி கையெழுத்து வாங்க அரை மணி ஆகும். வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு அது 'மிஷின் ரிப்பேர்'.

இரண்டாவது விதம் இதைவிட மோசம். 50 ஓட்டு முடிந்ததும் டோட்டல் பொத்தானை அழுத்தி 50 என்று காட்டி, விவிபேட் சீட்டுகளை எண்ணி, கணக்குச் சரி என்று முகவர்கள் தலையாட்டியதும், மூன்று பொத்தான்களையுமே தொடாமல் நேரே சீல் வைக்கப் போய்விடுவது. கருவி எந்த எச்சரிக்கையும் தராது. மாதிரி ஓட்டுகளின் மேலேயே அன்றைய அசல் ஓட்டுகள் ஏறிக்கொண்டிருக்கும். வாக்கு எண்ணும் நாளில் அந்தக் கண்ட்ரோல் யூனிட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது, முன்னணியில் இருப்பவருடைய வாக்கு வித்தியாசம் அப்படி ஒதுக்கிய பூத்துகளின் மொத்த ஓட்டைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே விவிபேட் சீட்டுகளை எண்ணுவது என்று இருந்தது. இல்லாவிட்டால் வெயிலில் நின்று ஓட்டுப் போட்ட அத்தனை பேரின் வாக்கும் எண்ணப்படாமலே கிடந்திருக்கும்.

இதைத் தடுக்க அரை நிமிடம் போதும். உள்கதவை மூடுவதற்கு முன் டோட்டலை ஒருமுறை அழுத்தி, திரையில் 0 என்று வருவதை ஒவ்வொரு முகவருக்கும் காட்ட வேண்டும். விவிபேட்டின் சீட்டுப் பெட்டியைத் திறந்து காலியாக இருப்பதையும் காட்ட வேண்டும். எடுத்த சீட்டுகளின் பின்புறம் மாதிரி வாக்குப்பதிவு முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு மூடி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்டிய பிறகே பச்சைத் தாள் முத்திரையைக் கையில் எடுக்க வேண்டும். அதன் வெள்ளைப் பக்கத்தில் தலைமை அலுவலரும் முகவர்களும் கையெழுத்திட்டு, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, ரிசல்ட் பகுதியின் உள்கதவுச் சட்டத்தில் செருக வேண்டும். மூடிய பின் தாளைக் கிழிக்காமல் யாரும் ரிசல்ட்டையோ கிளியரையோ தொட முடியாது. முத்திரையின் பலமும் அதுதான், மறதிக்குக் கொடுக்கும் விலையும் அதுதான்.

கருவியை வைக்கும் இடமும் முக்கியம். வகுப்பறையில் ஜன்னலோரமோ, தொங்கும் விளக்குக்கு நேர் கீழோ விவிபேட்டை வைத்தால் நேரடி வெளிச்சம் பட்டு உள்ளே இருக்கும் உணரி தடுமாறி 'எரர்' காட்டும். பின்புறக் குமிழ் படுக்கையாக இருந்தால் அது பயண நிலை, நிமிர்ந்திருந்தால் வேலை நிலை. குமிழைத் திருப்பாமலே சுவிட்ச் போடுபவர்கள் உண்டு. கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் கண்ட்ரோல் யூனிட் அணைந்திருக்க வேண்டும். வாக்குப்பதிவின் நடுவில் விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும், மாதிரி வாக்குப்பதிவு தேவையில்லை. கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதானால் விவிபேட்டோடு சேர்த்து மொத்தத் தொகுப்பையும் மாற்றி, நோட்டா உட்பட பெயருக்கு ஒரு ஓட்டு வீதம் போட்டுப் பார்க்க வேண்டும். இது நினைவில் இல்லாமல் மண்டல அலுவலருக்கு போன் போட்டுக் காத்திருக்கும் நேரம்தான் பெரும் தாமதம்.

மாலைக்கு வருவோம். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுக்க வேண்டும், கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி. முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே போகும். கடைசி ஓட்டு விழுந்ததும் ரப்பர் மூடியின் கீழ் இருக்கும் குளோஸ் பொத்தான். அதை மறந்து கருவியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டால், எண்ணும் மேசையில் ரிசல்ட் வராது. அப்போது கருவியின் மொத்தமும் 17சியில் எழுதிய மொத்தமும் ஒத்திருந்தால்தான் அங்கேயே குளோஸ் செய்து எண்ணுவார்கள். அந்தப் படிவத்தில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணும் கருவியின் மொத்தமும் ஒன்று இரண்டு வேறுபடுவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்களே. கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுப் போட விருப்பமில்லை என்று ஒருவர் போயிருப்பார். 49-ஓ விதிப்படி அதைக் குறிப்புப் பத்தியில் எழுதியிருக்க மாட்டார்கள். அல்லது பொத்தானைச் சரியாக அழுத்தாமல் ஒரு பெரியவர் வெளியே வந்திருப்பார். கண்ட்ரோல் யூனிட்டைக் கவனிக்கும் மூன்றாம் அலுவலர் பீப் ஒலியைக் காதில் வாங்கியிருக்க மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாக்குச் சதவீதம் அனுப்பும்போதே இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் எந்த நேரத்தில் பிசகியது என்பது தெரிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டார் என்று வருபவருக்கு 49-பி (49P) விதிப்படி ஓட்டு உண்டு என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது, நல்லது. ஆனால் அது இயந்திரத்தில் அல்ல, தாளில். அந்தத் தாள் தனி உறைக்குள் போகும். இதைப் பொறுமையாக விளக்கத் தெரிந்த அலுவலர் இருந்தால் பூத் வாசலில் சண்டை வராது.

கட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முகவரை ஐந்தேகாலுக்கே பூத்துக்கு அனுப்புங்கள். ஆறு மணி அடித்ததும் கிளம்பிவிடாமல் 17சி நகலை வாங்கிக்கொண்டே வரச் சொல்லுங்கள். அதைக் கொடுக்க வேண்டியது தலைமை அலுவலரின் கடமை. எண்ணும் மேசையில் உட்காரும் முகவரிடம் அந்த நகல் இருந்தாக வேண்டும்.

பயிற்சிக்குத் திரும்புகிறோம். பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானோர், மேடையில் ஒரு இயந்திரம், பின்வரிசைக்கு ஒலிபெருக்கி மட்டும் என்று நடக்கும் வகுப்பால் பயனில்லை. எந்த பூத் என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியும். கூட வரும் மூவரும் அன்றுவரை முகம் தெரியாதவர்களாக இருக்கலாம். ஆகவே தலைமை அலுவலருக்கு விரல் நுனியில் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு தொகுப்பு, ஆளுக்குப் பத்து ஓட்டு, ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்தில் பத்துப் பேரும் முடித்துவிடுவார்கள். ஒரு காலை வகுப்பு போதும். பயிற்சிக்கென்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றை மேடையிலிருந்து இறக்கி, வகுப்பறை மேசைகளில் வைக்கும்படி மாவட்டத் தேர்தல் அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடிப் பணி அறிந்த ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்